பதினோராவது முடிச்சு

எங்கள் பள்ளிக்கு அந்தப் பெட்டி ஒரு நவம்பர் மாதத்தில் வந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் அனுப்பியிருந்தார். அவருடைய பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் புதுக் கருவிகள் வாங்கியபோது ஒதுக்கி வைத்தவையாம். உள்ளே ஆறு வரைபடக் கால்குலேட்டர்கள், சோப்பு டப்பா அளவில் இரண்டு இணைப்புப் பெட்டிகள், சுருட்டிய ஒயர்கள், பழைய துணியில் சுற்றிய ஏழெட்டு சென்சார்கள். பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், தமிழ் மீடியமும் உள்ள அரசுப் பள்ளி எங்களுடையது. நான் அங்கே அறிவியல் டீச்சர். யாருக்கும் இயக்கத் தெரியாததால் பெட்டி என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

இரண்டு வாரம் தடவித் தடவிக் கற்றுக்கொண்டேன். சென்சாரை இணைப்புப் பெட்டியில் செருகி, அதைக் கால்குலேட்டரோடு சேர்த்தால், சென்சார் அளப்பதெல்லாம் நேரப்படி பதிவாகும். பிறகு திரையில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு வரும். டீ ஆறுவதை அளந்தோம். பிள்ளைகள் ஓடிவிட்டு வந்து நாடித் துடிப்பை அளந்தார்கள். ஜனவரியில் ஆக்சிஜன் சென்சாரை எடுத்தேன். முளைகட்டின பாசிப்பயறை ஒரு பாட்டிலில் போட்டு, வாயில் சென்சாரைச் செருகி, சுற்றி ஈரத்துணி அடைத்தோம். பயறும் மூச்சு விடும், அதனால் பாட்டிலுக்குள் ஆக்சிஜன் குறையும் என்பதுதான் பாடம். கோடு மெதுவாக இறங்கியது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

"அதுக்குள்ள ஒரு உசுரு இருந்தா என்னாகும் டீச்சர்?" என்று முதல் பெஞ்சில் ஒரு பெண் கேட்டாள்.

செத்துப்போகும் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எங்கள் பழைய கிணறு கண்முன் வந்துவிட்டது. மீதி வகுப்பை எப்படி நடத்தினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

என் அப்பா அந்தக் கிணற்றில் இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. முழுப்பரீட்சை முடிந்து வீட்டில் இருந்தேன். அன்று காலை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை. பொள்ளாச்சிப் பக்கத்தில் அம்மாவின் பிறந்த வீட்டில் ஒரு கல்யாணம். அப்பா வர மாட்டேன் என்றார். பேச்சு வளர்ந்தது. கடைசியில் அம்மா, "நீங்க இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்" என்றாள். அப்பா சாப்பிடாமல் எழுந்து, எங்கள் தோட்டம் இருந்த காட்டுப் பக்கம் போனார். மத்தியானம் ஆட்கள் ஓடி வந்தார்கள். கிணற்று மேட்டில் அப்பாவின் செருப்பு ஜோடியாக இருந்தது. சட்டையை மடித்து அதன்மேல் கைக்கடிகாரத்தை வைத்திருந்தார்.

அந்தக் கிணறு அகலம் குறைந்தது, நல்ல ஆழம். சுவரில் கல் பதித்த படி உண்டு. பாதிக்குச் சற்றுக் கீழே மோட்டார் வைக்கிற சின்ன மேடை. அந்த வருஷம் அடியில் முழங்கால் அளவு தண்ணீர்தான். அப்பா அதற்குள் கிடந்தார். கயிற்றில் கொக்கி கட்டி மேலிருந்தே இழுத்தெடுத்தார்கள். அன்று பொழுது சாயும்போது, அவரைக் கொண்டுபோயிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருவதற்குள், இடியோடு மழை பெய்தது.

மோட்டார்க் குழாயின் அடிவாயில் குப்பை அடைத்து இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை. அதை எடுக்கத்தான் இறங்கியிருப்பார் என்று அம்மா சொன்னாள். வேலைக்கு இறங்குகிறவன் சட்டையை மடித்துக் கடிகாரத்தை அதன்மேல் வைப்பானா என்று ஊரில் கேட்டார்கள். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் மூச்சடைத்து இறந்ததாக எழுதியிருந்தது. தண்ணீரில் விழுந்தாலும் மூச்சடைக்கத்தானே செய்யும் என்றார்கள்.

அவர்கள் அப்படிப் பேசுவதற்கு அடி எடுத்துக் கொடுத்தது நான். விசாரிக்க வந்த போலீஸ்காரர் மலையாளி. அம்மா கல்யாணமாகி வந்து பத்து வருஷம் ஆகியும் மலையாளத்தில் ஒரு வார்த்தை பேச மாட்டாள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் பழகிய மலையாளம் இருந்தது. அதனால் அவர் கேட்டதை அம்மாவுக்கும், அம்மா சொன்னதை அவருக்கும் நான்தான் சொன்னேன். நடுவில் அவர் குரலைத் தாழ்த்தி என்னை மட்டும் கேட்டார்.

"காலத்து வழக்குண்டாயோ, மோளே?"

காலத்து என்றால் அந்தப் பாஷையில் காலையில், வழக்கு என்றால் சண்டை. உண்டாயி என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் மலையாளம் தெரியும். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அம்மா அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை. போன இடத்தில் பேச்சு நின்றுபோவதை இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டுப் போவதையே நிறுத்திவிட்டாள். நான் அம்மாவிடம் அந்த ஒரு வார்த்தையைப் பற்றிச் சொன்னதே இல்லை.

பயறு பாட்டில் வகுப்பு முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஹெச்.எம்-மிடம் அனுமதி வாங்கி, கருவிகளை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன். கிணறு இப்போது சித்தப்பாவின் பாகத்தில் இருக்கிறது. அப்பாவுக்கு ஒரே தம்பி அவர். நாலு மாடு, கொஞ்சம் தென்னை, ஒரு போர்வெல். கிணறு வற்றிப் பல வருஷமாகிறது. மேட்டில் சீமைக்கருவேல் முளைத்திருந்தது. அம்மாவிடம் பள்ளியில் வேலை இருக்கிறது என்று சொல்லியிருந்தேன்.

கயிற்றில் மூன்று அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டிருந்தேன். சென்சாரை வெளிக்காற்றில் வைத்து, இருபத்தொன்று என்று காட்டுகிறதா எனப் பார்த்துக்கொண்டேன். நாம் மூச்சு விடும் காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்கு இருபத்தொன்று. பிறகு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் நிமிர்த்தி வைத்து இறக்கினேன். ஒவ்வொரு முடிச்சுக்கும் இரண்டு நிமிஷம் நிறுத்தினேன். வாளி மோட்டார் மேடையைத் தாண்டியதும் இருட்டில் மறைந்தது. கயிறு மட்டும் கையில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கீழே யாரோ அதைத் தொட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது. ஒரு டீச்சர் இப்படி நினைக்கலாமா என்று என்னையே அதட்டிக்கொண்டேன்.

பதினாறாவது முடிச்சில் வாளி தரை தட்டியது. மேலே இழுத்துத் திரையைப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோடு. இருபத்தொன்று, இருபத்தொன்று, கொஞ்சம் இறங்கி மறுபடி இருபத்தொன்று.

கிணற்றில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் குறை அப்பாவிடம்தான், அவர் குதித்தார் என்று ஆகிவிடும். அந்த மேட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அம்மா சோறு போட்டாள். கை கழுவிவிட்டு உட்கார்ந்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிப்ரவரியில் ஒரு தடவையும், மார்ச்சில் ஒரு தடவையும் இறக்கினேன். இரண்டும் நல்ல வெயில் நாள். இரண்டிலும் அதே கோடு. மூன்றாம் தடவை சித்தப்பா வந்து நின்று பார்த்தார். என்ன அளக்கிறாய் என்று கேட்டார். காற்றை என்றேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

நாற்பது வருஷம் படிப்பித்தவர்களுக்கும் தோன்றாமல் போகிற சங்கதி சில சமயம் குளிக்கும்போது தோன்றும். எனக்கு, அப்பா இறந்த அன்று பெய்த மழை தோன்றியது. மழைக்கு முன்னால் காற்றழுத்தம் இறங்கும். வெளியே அழுத்தம் இறங்கினால், மண் இடுக்கிலும் பாறை இடுக்கிலும் தேங்கியிருக்கிற கெட்ட காற்று கிணற்றுக்குள் கசிந்து வரும். வெயில் நாளில் அது உள்ளேயே அடங்கியிருக்கும். நான் மூன்று தடவையும் வானம் வெளுத்திருந்த நாளாகப் பார்த்துப் போயிருந்தேன், கயிறு நன்றாகத் தெரியட்டும் என்று.

ஏப்ரலில், லீவு விட்ட பிறகு, ஒருநாள் காலையிலிருந்தே புழுக்கமாக இருந்தது. தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. பத்து மணிக்கெல்லாம் கிழக்கே மேகம் கறுத்துக் கிடந்தது. பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தே போனேன். கிணற்று வாயில் குனிந்தபோதே வாடை வேறாக இருந்தது, ஊறின சருகின் வாடை. சித்தப்பா தொழுவத்திலிருந்து வந்து, நான் கேட்காமலே கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அவர்தான் முடிச்சுகளை எண்ணினார். வாய்விட்டு எண்ணினார்.

இழுத்து மேட்டில் வைத்து, திரையை அவர் பக்கம் திருப்பினேன். முதல் எட்டு முடிச்சுவரை கோடு நேராக வந்தது. ஒன்பதில் வளைந்தது. பதினொன்றில் சரிந்து, அதற்குக் கீழே பத்துக்கும் கீழாகப் போய்க் கிடந்தது.

அந்தக் காற்றில் மனுஷன் நிற்க முடியாது என்றேன். கால் துவளும், தலை சுற்றும், கொஞ்ச நேரத்தில் நினைவு போய்விடும். என் குரல் எனக்கே வகுப்பில் பேசுவதுபோல் கேட்டது.

சித்தப்பா திரையில் விரலை வைத்தார். "இது எத்தனாவது முடிச்சு அம்மிணி?"

"பதினொண்ணு."

"மோட்டார் மேடைக்கு ரெண்டு படி கீழ." அவர் அப்படியே மேட்டில் உட்கார்ந்துவிட்டார். "அது வரைக்கும் நான் எறங்குனன்."

எனக்குப் புரியவில்லை. அவர் அன்று கிணற்றுக்குள் இறங்கியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மெதுவாக, விட்டு விட்டுச் சொன்னார். அன்று செருப்பை முதலில் பார்த்தவர் அவர்தான். எட்டிப் பார்த்துக் கண் இருட்டுக்குப் பழகியதும், அப்பா கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. ஒரு கை குழாயைச் சுற்றியிருந்தது, தலை சுவரில் சாய்ந்திருந்தது. சித்தப்பா கூப்பிட்டார். பதில் இல்லை. இறங்கினார். மேடைக்குக் கீழே போனதும் முழங்கால் துவண்டது, கண் இருட்டியது, காதுக்குள் இரைச்சல். எப்படி மேலே வந்தார் என்று அவருக்கே தெரியாது. ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் அப்பா சரிந்து தண்ணீருக்குள் விழுந்திருந்தார்.

"பயம்னு நெனச்சன்," என்றார். "அண்ணன் அங்க உக்காந்திருக்குது, நான் பயந்துட்டு மேல வந்துட்டன்னு நெனச்சன். வெளிய சொன்னா, ஏன்டா உட்டுட்டு வந்தேன்னு கேப்பாங்கல்ல."

அப்பா படியில் உட்கார்ந்திருந்தார் என்று அவர் அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குதித்தார் என்ற பேச்சே எழுந்திருக்காது. அவருக்கும் அது தெரியும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அவர் வீட்டு மோரும் தேங்காயும் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்ததற்கு எனக்கு அப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. அவரைத் திட்ட வேண்டும் என்று வாய்வரை வந்தது. போலீஸ்காரரிடம் நான் சொன்னதும் நினைவுக்கு வந்தது. கயிற்றைச் சுருட்டினேன்.

"நீங்க இன்னும் ரெண்டு படி எறங்கியிருந்தா ரெண்டு பேரும் போயிருப்பீங்க சித்தப்பா," என்று மட்டும் சொன்னேன். அது உண்மை. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மழை ஆரம்பித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. நான்தான் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அம்மாவிடம் அன்றே சொன்னேன். கால்குலேட்டரைக் காட்டவில்லை. கிணற்றில் நான்கு தடவை வாளி இறக்கியதையும், கெட்ட காற்றையும், சித்தப்பா சொன்னதையும் வரிசையாகச் சொன்னேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை உரிப்பதை நிறுத்தவில்லை. கடைசிப் பல்லையும் உரித்துப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"அப்படீன்னா உங்கப்பா கொஞ்ச நேரம் அங்க உக்காந்தே இருந்திருக்காரு."

ஆமாம் என்றேன்.

"மூச்சு முட்டியிருக்குமா கண்ணு?"

"இல்லம்மா. தூக்கம் வர்ற மாதிரிதான் இருந்திருக்கும். அவருக்கே தெரிஞ்சிருக்காது."

அவள் தலையசைத்தாள். அந்தப் பதில் சரியா என்று எனக்கே தெரியாது. ஆக்சிஜன் மட்டும் குறைந்திருந்தால் நான் சொன்னது சரி. அதன் இடத்தில் கரியமில வாயு நிறைந்திருந்தால் நெஞ்சு வெடிக்கிற மாதிரி மூச்சு வாங்கும். என் சென்சார் ஒன்றைத்தான் அளந்தது. மற்றதை அளக்கும் சென்சாரும் பெட்டியில் இருக்கிறது. நான் அதை எடுத்துக்கொண்டு போகவில்லை.

பொய் சொல்லிவிட்ட தைரியத்திலோ என்னவோ, மற்றதையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அன்றைக்குப் போலீஸ்காரர் வந்தபோது, என்று ஆரம்பித்ததுமே அம்மா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"வழக்குன்னா சண்டைன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "பேசத்தான் வராது. காது கேக்குமில்ல."

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். தெரிந்திருந்தும் ஏன் ஒரு நாளும் கேட்கவில்லை என்றேன்.

"நீ சொன்னது நெசந்தான? சண்ட போட்டமில்ல. புள்ள நெசத்தச் சொன்னதுக்கு நான் என்னன்னு கேக்கறது."

பிறகு பூண்டுத் தோலைக் கூட்டி முறத்தில் அள்ளிக்கொண்டு எழுந்து போனாள். அடுப்படியில் அவள் ஒரு தடவை மூக்கைச் சிந்தியது கேட்டது.

மறுநாள் சித்தப்பா வந்தார். வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. அம்மாவும் உட்காரச் சொல்லவில்லை. அவர் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததை அவள் முடிக்க விடவில்லை. என்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, அவர் குதிக்கவில்லை என்று எனக்கு எப்பவும் தெரியும், நாலு பேர் முன்னால் சொல்லுங்கள் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அரிசி வாங்கிக்கொண்டு வாருங்கள் என்பதுபோல் சொன்னாள்.

நாலு பேர் கூடுகிற இடம் எங்கள் ஊரில் காலையில் பால் சொசைட்டிதான். அடுத்த நாள் காலை எங்கள் ஒற்றை மாட்டின் பாலோடு நானும் அம்மாவும் வரிசையில் நின்றோம். எங்களுக்கு ஆறு பேர் முன்னால் சித்தப்பா நின்றார். அவர் முறை வந்ததும் கேனை எடுத்து வைக்காமல் திரும்பி, சத்தமாக, மனப்பாடம் செய்தவர் மாதிரி சொன்னார். என் அண்ணன் கிணற்றில் குதிக்கவில்லை, குழாய் அடைப்பு எடுக்க இறங்கினார், கெட்ட காற்றால் செத்துப்போனார், நான் பார்த்தேன், பார்த்துவிட்டு இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

பால் அளக்கிற இளைஞர் பேனாவைக் கையில் பிடித்தபடி, "எந்த அண்ணனுங்க?" என்று கேட்டார்.

அவருக்குத் தெரியவில்லை. சுற்றிப் பார்த்தேன். வரிசையில் பாதிப் பேர் முகத்தில் அதே கேள்வி இருந்தது. கல்யாணமாகி வந்த பெண்கள், அப்போது பிறக்காதவர்கள், தோட்டத்தை வாங்கிக்கொண்டு குடிவந்தவர்கள். வயதான ஒருவர் மட்டும், அது நமக்குத் தெரிந்ததுதானே, அவன் அப்படிப்பட்ட ஆளா என்றார். அன்றைக்குக் கிணற்று மேட்டில் மடித்த சட்டையைச் சுட்டிக்காட்டிப் பேசியவர் அவர்தான். அவருக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது என்பது முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

அம்மா கேனைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். பால் ஊற்றினாள், சீட்டை வாங்கினாள். திரும்பி நடக்கும்போது வாய்க்கால் பாலத்தில் சற்று நின்றாள். "ஒருத்தருக்கும் ஞாபகமே இல்ல பாரு," என்றாள். அதில் அவளுக்கு ஆறுதலா வேறு எதுவா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் போகாமல் விட்ட கல்யாணங்களை நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டு வந்தேன்.

சித்தப்பா அந்த மாதமே கிணற்று வாய்க்கு இரும்புக் கம்பிவலை போட்டுவிட்டார். அம்மா ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, பந்தியில் உட்காராமல் மொய் எழுதிவிட்டுத் திரும்பி வந்தாள். சித்தப்பா வீட்டு மோர் இப்போதும் வருகிறது. அம்மா வாங்கிக்கொள்கிறாள். குடிப்பதில்லை. வீட்டில் நான் மட்டும் குடிக்கிறேன்.

கருவிகளைத் திருப்பிப் பள்ளி அலமாரியில் வைத்துவிட்டேன். இந்த வருஷம் பிள்ளைகள் வகுப்பறையின் ஜன்னலைச் சாத்தி வைத்துக் கரியமில வாயு எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தார்கள். அந்த சென்சார் நன்றாகவே வேலை செய்கிறது. கம்பிவலையின் கண் அகலமானது, சென்சார் தாராளமாக நுழையும். வானம் மூடிக்கொண்டு வருகிற நாட்களில் அலமாரிச் சாவி என் கைப்பையில் இருப்பது எனக்கு ஞாபகம் வரும். அப்படி ஒரு நாள் மழைக்கு முன்னால் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, கிணற்றில் அளக்கிறதெல்லாம் முடிந்ததா என்று அம்மா கேட்டாள்.

முடிந்தது என்றேன்.